தட்டு நிறையப் பாலங்கள்

பாலம் கேட்டாள் குழலம்மை. பதக்கம் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். நடந்த அநியாயம் இவ்வளவுதான். அதற்குச் சபையே கைதட்டியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழலம்மை செம்பாற்றூர் அரண்மனையின் மருத்துவச்சி. ராஜா அகிலாண்ட பூபதிக்கோ ஒரே பைத்தியம். அமெரிக்காவில் எந்தப் பாலம் திறந்தாலும், அதன் உருவம் பொறித்து நினைவாக அடிக்கும் பதக்கம் கப்பலேறி அவரிடம் வந்தாக வேண்டும். சொந்த ஊர் ஆற்றில் பாலம் கிடையாது. அதனாலென்ன, வெல்வெட்டுத் தட்டு நிறைய இருக்கிறதே!

"மகாராஜா, போன ஐப்பசி வெள்ளத்தில் அக்கரை வள்ளிமயில் பிரசவ வலியிலேயே செத்தாள். இக்கரையில் பரிசல் கிடைக்காமல் நான் நின்றேன். ஒரு பாலம் கட்டித் தாருங்கள்."

"பாலமா? என்னிடம் இல்லாத பாலமா!" ராஜா தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தா, வைத்துக்கொள். ஏய், ஓரத்தைப் பிடி! நடுவில் தொட்டால் விரல் தடம் விழும்!"

சபை கைதட்டியது. திவான் சேஷாசலம் விழுந்து விழுந்து சிரித்தார். படித்தவர் அல்லவா.

குழலம்மை ஓரத்தையே பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இத்தனை அமெரிக்கப் பதக்கம் இங்கே வந்திருக்கிறது. மகாராஜா முகம் போட்ட பதக்கம் ஒன்றாவது அங்கே போயிருக்கிறதா?"

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. பதக்கம் சேர்ப்பவருக்கு இதைவிடப் பெரிய வலி உண்டா? பிரசவ வலியெல்லாம் எம்மாத்திரம்!

"திவான்! உடனே அடிக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் நான். பின்பக்கம் நம் பாலம்."

"நமக்குத்தான் பாலமே இல்லையே, மகாராஜா" என்றாள் குழலம்மை.

"படம்தானே அம்மா? அமெரிக்காக்காரன் வந்தா பார்க்கப் போகிறான்?" என்றார் திவான்.

ராஜா சீறினார். "என்ன ஐயா பேசுகிறீர்? நடக்காததற்கு அடித்தால் அது போலிப் பதக்கம். மானமுள்ள எவனும் தட்டில் வைக்க மாட்டான். நானே ஒன்றைக் குப்பையில் வீசியிருக்கிறேன்!"

வள்ளிமயிலுக்கு வராத கோபம் போலிப் பதக்கத்துக்கு வந்துவிட்டது. நியாயஸ்தர்!

பிறகு குழலம்மை பக்கம் திரும்பினார். "பாலமும் இல்லாமல், பொய்யும் இல்லாமல், பின்பக்கம் என்னதான் பொறிப்பது? நீயே சொல்."

மறுநாள் காலையிலேயே ஆற்றங்கரையில் பாலம் கட்டக் கருங்கல் வந்து இறங்கியது என்றால், அது அவள் சொன்ன இந்தப் பதிலுக்காகத்தான்:

"உள்ளதை உள்ளபடி பொறிக்கலாம், மகாராஜா. ஒவ்வொரு முறை அக்கரை போகும்போதும் நடப்பதுதான்: நடு ஆற்றில் பல்லக்கு. கழுத்தளவு தண்ணீரில் தூக்கிப் போகிறவர்கள். உள்ளே, வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, திவானைக் கட்டிப்பிடித்தபடி தாங்கள். முகம் மட்டும் தெளிவாக விழட்டும். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தட்டில் வைத்துப் பார்க்கப் போகிறார்களே!"