கண் எழுதும்போது கீழே நிற்பவர்

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு ஐம்பத்தாறு. ஆலங்கரையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு.

குருவின் பெயர் வடிவம்மா. தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, கோயிலுக்குப் பின்னால் இருந்த பழைய ஓட்டுக் கட்டடத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் ஊர் அதை மடம் என்றது. சீடர் ஏகாம்பரம், கோபுரங்களுக்கு வர்ணம் தீட்டும் கான்ட்ராக்டர். மடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர், வேலை முடிந்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை. அவர் சீடரானது அப்படித்தான்.

அன்று மதியம் ஏகாம்பரம் வந்து வாசலிலேயே நின்றார். கையில் இருந்த பச்சை வர்ணம் காய்ந்து போயிருந்தது. கழுவக்கூடத் தோன்றவில்லை போலும்.

"உள்ளே வாங்க ஐயா" என்றார் வடிவம்மா.

"என் ஜிஎஸ்டி பதிவை ரத்து பண்ணிட்டாங்க தாயே."

"எப்போ?"

"அதுவே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். திருப்பணிக் குழு செயலாளர் கூப்பிட்டுச் சொன்னார். இந்த மாசக் கடைசிக்குள்ள பதிவு திரும்ப வரலேன்னா கோபுரத்தோட மேல் நிலை வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம். பதினெட்டு பேர் என்னை நம்பி சாரத்துல நிக்கிறாங்க."

வடிவம்மா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் குடிக்கவில்லை.

நடந்தது இதுதான். ஏகாம்பரத்திடம் குஞ்சிதபாதம் என்று ஒருவர் கணக்கு பார்த்தார். ஆடிட்டர் பரீட்சையெல்லாம் எழுதியவர் இல்லை. ஆனால் கையில் தோல்பை வைத்திருந்தார். ஊருக்கு அது போதும், ஆடிட்டர் என்றே கூப்பிட்டார்கள். இனிமையான மனிதர். 'நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்' என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். பதிவில் கொடுத்த மின்னஞ்சல் முகவரிகூட அவருடையதுதான்.

மாதாமாதம் ஏகாம்பரத்தின் கைபேசிக்கு ஓடிபி வரும். அவர் கோபுரத்தின் மேல் இருப்பார், ஆடிட்டர் கீழே தெருவில் நிற்பார். எதற்கு என்று கேட்காமல், ஏகாம்பரம் அந்த எண்களை மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கத்துவார். அவர் கத்தும் வேகத்தில் பூக்கடைக்காரருக்குக்கூட அது கேட்கும். எண் இல்லாமல் வேறு ஏதாவது ஆங்கிலத்தில் செய்தி வந்தால் அது விளம்பரம் என்று நினைத்து, கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார். கோபுரத்தில் யாளியின் நாக்குக்கு எந்தச் சிவப்பு என்று மூன்று நாள் யோசிக்கிற மனிதர், தன் பெயரில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று மூன்று நிமிடம் யோசித்ததில்லை.

பிறகு சில மாதங்கள் ஓடிபி கேட்டு ஆடிட்டர் வரவே இல்லை. தொல்லை விட்டது என்று ஏகாம்பரம் சந்தோஷமாக இருந்தார்.

"குஞ்சிதபாதம் திருடிட்டாரா?" என்றார் வடிவம்மா.

"ஒரு பைசா தொடலை தாயே. அதான் எனக்கு வயிறு எரியுது. திருடியிருந்தா திட்டியாவது தீர்த்திருப்பேன். கணக்கையே தாக்கல் பண்ணாம விட்டிருக்கார், வந்த நோட்டீஸையும் சொல்லலை."

"இப்போ யாரை வைக்கப் போறீங்க?"

"ரெண்டு பேரைப் பார்த்தேன். ஒருத்தர் கடைத்தெருவுல இருக்கார். தங்கமான பேச்சு. 'நீங்க வரவே வேண்டாம், எல்லாம் என் பொறுப்பு, மாசக் கடைசிக்குள்ள கையில பதிவு இருக்கும்'னு சொல்றார். இன்னொண்ணு ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. அது கிடக்கு."

"ஏன்?"

"காசு கொடுத்து ஆள் வைக்கப் போனா, அது எனக்கு வேலை கொடுக்குது தாயே! வர்ணம் வாங்கின ரசீதெல்லாம் எடுத்துட்டு வாங்கங்குது. மின்னஞ்சலை உங்க பேருக்கு மாத்துங்கங்குது. மாசம் ஒருநாள் பக்கத்துல வந்து உட்காருங்க, படிச்சுப் பார்க்காம ஓடிபி சொல்லாதீங்கங்குது. வீட்டுச் செலவும் வேலைச் செலவும் ஒரே பேங்க் கணக்குல ஓடுறது அசிங்கம்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லுது. சரிம்மா, பதிவு வந்துடுமான்னு கேட்டா, 'கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது'ங்குது."

வடிவம்மா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தாயே" என்றார் ஏகாம்பரம். "கணக்கு பார்க்க ஒரு ஆளை வைக்கிறோம். அந்த ஆள்கிட்ட நாம என்ன எதிர்பார்க்கணும்?"

வடிவம்மா வெளியே பார்த்தார். ஓட்டுக்கு மேலே கோபுரம் தெரிந்தது.

"நாளைக்கு என்ன வேலை?"

"மூணாம் நிலையில துவாரபாலகருக்குக் கண் எழுதணும்."

"நானும் வரேன்."

மறுநாள் காலை வடிவம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினார். சவுக்குக் கம்புகள் முனகின. வேலையாட்கள் ஏறுவதை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். பாதியில் அவர் நின்று, "எனக்குப் பயமா இருக்கு" என்று சத்தமாகவே சொன்னார். அப்புறம் மறுபடியும் ஏறினார்.

மூன்றாம் நிலைப் பலகையில் நின்று நிமிர்ந்து பார்த்தார்.

துவாரபாலகரின் முகம் ஒரு கதவளவு பெரியது. தெருவிலிருந்து எத்தனையோ முறை பார்த்த முகம்தான். ஆனால் இங்கே அது முகமாகவே இல்லை. நெற்றி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. மேலுதடு ஏதோ வீங்கியது போல இருந்தது. மூக்கின் கீழ்ப்பக்கம் தேவைக்கு மேல் அகலம். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு முன்னால் நின்றபோது வடிவம்மாவின் கைகள் தாமாகக் குவிந்தன.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"பக்கத்துல இருந்து பாக்கறதுக்குச் செய்யலை தாயே. கீழேயிருந்து பாக்கறவங்களுக்குச் செஞ்சது. இங்க நின்னுக்கிட்டு அழகு பாத்தா, அங்க அசிங்கமாப் போயிடும்."

"அப்போ கண் சரியா வந்திருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. கீழே என் மச்சினன் தண்டபாணி நிப்பான். அவன் சொல்லுவான். வாய் மோசம். ஊர்லயே சம்பளமும் கொடுத்துத் திட்டும் வாங்குற ஒரே ஆள் நான்தான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நேற்று மடத்துக்கு வந்ததிலிருந்து அதுதான் அவருடைய முதல் சிரிப்பு.

கறுப்பைக் குழைத்து, தூரிகையை நனைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது விழியை வட்டமாக எழுதினார். வெள்ளையின் நடுவில் அது பளிச்சென்று உட்கார்ந்தது. இவ்வளவு கிட்டத்தில் பார்க்க, உயிர் வந்துவிட்டது போலவே இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கீழே கத்தினார்.

"பிரமாதம் சார்!"

ஏகாம்பரத்தின் புருவம் சுருங்கியது. தண்டபாணி அவரை ஒருநாளும் சார் என்றதில்லை, பிரமாதம் என்ற சொல் அவனுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

"கொஞ்சம் கீழே இறக்கவா?"

"இறக்கலாம் சார்!"

"இல்லே, மேலே ஏத்தவா?"

"ஏத்தினாலும் நல்லாத்தான் சார் இருக்கும்!"

தூரிகை நின்றுவிட்டது. ஏகாம்பரம் சாரத்தின் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தார். தெருவில் தோல்பையோடு ஒருவர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

"குஞ்சிதபாதம்!" ஏகாம்பரம் வடிவம்மா பக்கம் திரும்பினார். "தாயே, இந்த ஆளை யாரு இங்க வரச் சொன்னது?"

"நான்தான். ஏறுறதுக்கு முன்னாடியே தண்டபாணியை டீ குடிக்க அனுப்பிட்டேன்."

"கண் எழுதுற நேரத்துல, போயும் போயும் இந்த ஆளையா நிறுத்துவாங்க?"

"நீங்க மூணு வருஷம் நிறுத்தியிருந்தீங்களே ஐயா."

ஏகாம்பரம் தூரிகையைக் கீழே வைத்தார். பலகை மேல் மெதுவாக உட்கார்ந்தார். அவருக்கு நேர் எதிரே துவாரபாலகரின் ஒற்றை விழி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவரை மட்டும்.

கொஞ்ச நேரத்தில் கீழே வேறு குரல் கேட்டது. தண்டபாணி டீ குடித்துவிட்டு வந்திருந்தான்.

"மச்சான்! என்னத்த எழுதி வெச்சிருக்கீங்க? வாசல்ல நிக்கிற எங்களைப் பாக்கச் சொன்னா, அவரு எதிர் வீட்டு மொட்டை மாடியில வத்தல் காயுதான்னு பாக்குறாரு! அழிங்க, அழிங்க!"

ஏகாம்பரம் எழுந்தார். துணியை நனைத்து, அத்தனை அழகாக வந்திருந்த விழியை ஒரே இழுப்பில் துடைத்தார். அவர் முகத்தில் வருத்தமே இல்லாததை வடிவம்மா கவனித்தார்.

"இறக்குங்க! இன்னும்! அட, இன்னும்னா இன்னும்தான், என்ன யோசனை?"

விழி கீழிமையைத் தொடும்வரை இறங்கியது. பக்கத்திலிருந்து பார்க்க, தூக்கத்தில் சொக்கிய கண் போலக் கோணலாக இருந்தது.

"எனக்குத் தப்பாத் தெரியுது தாயே" என்றார் ஏகாம்பரம் தணிந்த குரலில்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது."

"இங்கேயிருந்து பார்த்தா கை கூசுது."

ஆனாலும் எழுதினார். இடது விழியையும் அதே போல எழுதினார். கீழே தண்டபாணி சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டான். ஏகாம்பரம் விளிம்புக்கு வந்து குனிந்தார்.

"என்னடா?"

"கையை எடுங்க மச்சான்." அவன் குரலே மாறியிருந்தது. "தொடாதீங்க. இறங்கி வந்து பாருங்க."

இருவரும் இறங்கித் தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தார்கள்.

துவாரபாலகர் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியும் உதடும் மூக்கும் தத்தம் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. அந்தக் கண்கள் வாசலில் நிற்பவரைப் பார்த்தன. நகர்ந்தால் நகர்ந்த இடத்திலும் பார்த்தன. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்றார். தேங்காய்க் கடைக்காரர் உடைத்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். தான் துடைத்த இடமும் தான் எழுதிய இடமும் நன்றாகத் தெரிந்த ஏகாம்பரத்துக்கே உடம்பு சிலிர்த்தது.

"இதை நானா தாயே எழுதினேன்?"

வடிவம்மாவும் அண்ணாந்தே நின்றார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

ஓரமாக நின்ற குஞ்சிதபாதம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். ஏகாம்பரம் அவரைப் பார்த்தார். காலையில் இருந்த கோபத்தைத் தேடினார், பாதிதான் மிஞ்சியிருந்தது.

"ஏன் சார் சொல்லலை?"

"ஒருதடவை ரசீது கேட்டேன் சார். நீங்க முகத்தைச் சுளிச்சீங்க. அப்புறம் கேக்க மனசு வரலை. கணக்கு நின்னுபோச்சு, நோட்டீஸ் வந்துடுச்சு." குஞ்சிதபாதம் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "சொல்லணும்னு ஏழெட்டு நாள் இந்தத் தெருவுக்கு வந்தேன். வந்தப்போ எல்லாம் நீங்க உசரத்துல நின்னீங்க. இதைக் கேட்டுட்டு நீங்க பதறிக் கை விட்டுட்டா? நான் என்ன சார் பண்ணுவேன்? திரும்பிப் போயிட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அது மூவருக்கும் தெரிந்தது. ஏகாம்பரம் அவர் தோளில் கை வைத்தார். கறுப்பு வர்ணம் ஒட்டிய விரல்கள் குஞ்சிதபாதத்தின் வெள்ளைச் சட்டையில் பதிந்தன.

"அந்த நோட்டீஸ் எல்லாம் எனக்கு வேணும் சார். ஒண்ணு விடாம."

"இப்பவே எடுத்துத் தரேன் சார்."

அவர் வேகமாகப் போனார். வெயில் ஏறியது. தண்டபாணி அடுத்த துவாரபாலகருக்குச் சாரம் நகர்த்தச் சொல்லி ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தான். மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. பதிவு வருமா, இந்தப் பதினெட்டு பேரும் அடுத்த மாதம் இதே சாரத்தில் நிற்பார்களா என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டு குருவின் பக்கம் திரும்பினார்.

"நேத்து நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் வாயைத் திறந்து சொல்லலை தாயே. யாரை வெச்சாலும் சரி, கணக்கு பார்க்கிற ஆள்கிட்ட நான் என்ன எதிர்பார்க்கணும்?"

வடிவம்மா கோபுரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்ககிட்ட அவங்க என்ன எதிர்பார்க்கிறாங்கன்னு முதல்ல கேளுங்க ஐயா. ஒண்ணுமே இல்லேன்னு சொன்னா, எழுந்து வந்துடுங்க."