நத்தை ஓடு

"எனக்கு மனை வித்தவன் மனுஷனே இல்லம்மா! ஏரியை அளந்து வித்திருக்கான், படுபாவி!"

முழங்கால்வரை சேற்றோடு தன் குருவின் வீட்டில் வந்து நின்றார் கோதண்டபாணி. சிமெண்ட் மூட்டை சுமந்து, பிறகு சிமெண்ட் கடையே வைத்தவர். வயது அறுபத்திரண்டு.

குருவுக்கு நாற்பது. சர்வேயர் தில்லைநாயகி. மண் பார்த்து மனை வாங்கும் வித்தையை அவளிடம்தான் படித்துக்கொண்டிருந்தார்.

"எப்போ போய்ப் பார்த்தீங்க?"

"பங்குனியில. வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போனான். பிரியாணி போட்டான். தரை பாறை மாதிரி கிடந்துச்சு. இன்னைக்கு அங்க கெண்டை துள்ளுது!"

"கால்கிட்ட என்ன கிடந்துச்சு?"

கோதண்டபாணி தன் சேற்றுக்காலைப் பார்த்தார்.

"நத்தை ஓடு."

"நான் சொல்லிக் கொடுத்தது?"

"நத்தை ஓடு கிடந்தா தண்ணி நின்ன இடம்."

"தெரிஞ்சேதான் வாங்கினீங்க."

"சும்மாவா வாங்கினேன்? ஒரு கை அள்ளி அவன் மேஜையில கொட்டினேன். 'இதெல்லாம் பஸ் ஏறியாடா வந்துச்சு?'ன்னு கேட்டேன். ஆள் வெலவெலத்துட்டான். பாதி விலைக்கு நாலு மனை!"

அந்தச் சேற்றிலும் முகம் மலர்ந்தது.

"மத்த மூணு?"

"வைகாசியிலேயே வித்தாச்சு. போட்டது வந்துடுச்சு. நாலாவதுதான் என் லாபம். அதைத்தான் தண்ணி முழுங்கிடுச்சு."

"வாங்கினவங்க கண்ணுல நத்தை ஓடு படலையா?"

"எப்படிப் படும்? முந்தின நாள் முழுக்க நானே குந்தி உட்கார்ந்து பொறுக்கி..."



தில்லைநாயகி எழுந்து உள்ளறைக் கதவைத் திறந்தாள்.

ஈரப் பாய். சேறு அப்பிய இட்லிக் குண்டான். அதன் பக்கத்தில் குழந்தையை மடியில் போட்டபடி ஒரு பெண். மூன்றாவது மனையை வாங்கித் தகர வீடு போட்ட இட்லிக்கடை பரிமளா.

"வீட்டுக்குள்ள தண்ணி புகுந்துடுச்சுன்னு சர்வேயரைத் தேடி விடியக்காலம் வந்தாங்க," என்றாள் தில்லைநாயகி. "வாசல்ல நின்னு முதல்ல சொன்னது என்ன தெரியுமா? 'எனக்கு மனை வித்தவன் மனுஷனே இல்லம்மா.'"

கோதண்டபாணியின் காலிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"பாதி..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. "பாதிப் பணம் வேணா நான்..."

பரிமளா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். கத்தவில்லை.

"பேரம் பேசாதீங்க ஐயா. அடுத்த மழைக்குள்ள என் வீட்டைக் காய்ஞ்ச தரையில வைங்க."