படத்தில் இருந்தவள்

வைத்திலிங்கம் சாரின் மெக்கானிக்கல் பிரிவில் ஒரு பெண்கூடப் படித்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு. நல்ல மார்க்கோடு சீட்டுக் கேட்டுக் காலையிலிருந்து ஒர்க்‌ஷாப் வாசலில் நின்ற பொற்கொடியிடம் மீசையை நீவிக்கொண்டே சொன்னார்:

"பொம்பளைப் புள்ளைங்களுக்கு இங்க இடமே இல்லம்மா. உள்ள ஒரே ஒரு பொம்பளையக் காட்டு, அடுத்த சீட்டு உனக்குத்தான்."

பையன்கள் சிரித்தார்கள். பொற்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு, லேத் மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"காலைல நீங்க பூப்போட்டுக் கும்பிட்டீங்களே, அந்த சரஸ்வதி யாரு சார்?"

"அது சாமிம்மா!"

"படத்துல இருந்தா உள்ள, படிக்க வந்தா வெளியவா சார்?"

இப்போது பையன்கள் சாரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் தன் காக்கிக் கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"கையை நல்லா மடிச்சுக்கோம்மா. மெஷின்ல சிக்கிடப் போவுது."

படித்து முடிக்கும்வரை வகுப்பில் அவள்தான் முதல் மார்க். கடைசி வருஷ ஆயுத பூஜைக்குச் சார் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்தார்.

"படத்துல இருக்கிற அம்மாவுக்கு ஒண்ணு" என்று சாத்தினார். மற்றதைப் பொற்கொடியிடம் கொடுத்தார்.

"படிக்க வந்த அம்மாவுக்கு ஒண்ணு."