மூன்றாவது போர்டு

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். என் அடுப்படி வாசலுக்கு எதிரேதான் தெய்வகனி அக்காவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. இரண்டுக்கும் ஒரே முற்றம். அங்கே பேசுவது இங்கே கேட்கும், நடப்பதும் தெரியும். நான் தலை நிமிர மாட்டேன், ஓரக்கண்ணால் பார்ப்பேன்.

அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. அவரிடம் தொழில் கற்க வந்த வேலாயுதம் அண்ணாச்சிக்கு ஐம்பத்து மூன்று. முப்பது வருஷம் லேத்தில் இரும்பு கடைந்தவர். பட்டறையை மூடிவிட்டார்கள். வேறு போக்கிடம் இல்லை. வந்த இரண்டு மாதத்தில் வாடிக்கையாளர்களின் இரண்டு மதர்போர்டை உடைத்துவிட்டார்.

"மூணாவது உடைஞ்சா நீங்க வர வேண்டாம் அண்ணாச்சி" என்று அக்கா சொல்லியிருந்தார்.

அன்று விஜயதசமி. அக்கா தன் சொந்தக் கம்ப்யூட்டரையே திறந்து படுக்க வைத்திருந்தார். உள்ளே பச்சை போர்டு. அதில் நீளமாக ஒரு வாய். புது கிராபிக்ஸ் கார்டை அதில் செருக வேண்டும். அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு நின்றார்.

"கனியம்மா, எவ்வளவு அழுத்தணும்?"

"போற அளவுக்கு."

அழுத்தினார். பாதியில் நின்றது.

"இன்னும் எவ்வளவு அழுத்தணும்?"

அக்கா கரண்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, பொண்ணு பார்க்க வந்த மாதிரி வாயே திறக்க மாட்டேங்கறே? எவ்வளவுதான் அழுத்தணும்?"

"லேத்துல என்ன செய்வீங்க?"

"நெஞ்சைக் கொடுத்து அமுக்குவோம். இரும்பு வழிக்கு வந்துரும்."

"ம்."

அந்த "ம்" அவருக்கு உத்தரவாகப் பட்டது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து உடம்போடு சாய்ந்தார்.

படக்.

என் கையிலிருந்த கீரைக் காம்பு நழுவிக் கீழே விழுந்தது. போர்டில் குறுக்கே ஒரு கீறல்.

அண்ணாச்சி தன் சாப்பாட்டுத் தூக்குவாளியை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மூணாவது."

"அது வாடிக்கைக்காரங்க போர்டுக்குச் சொன்னது. இது என்னோடது. டார்ச்சைப் பிடிங்க."

அக்கா கார்டை உருவினார். ஊசியால் அந்த வாயைக் கிளறினார். மஞ்சளாகப் பொரபொரவென்று உதிர்ந்தது. சந்தனம். அதன் மேல் குங்குமம்.

முந்தின நாள் ஆயுத பூஜைக்குக் கடைக் கருவிகளில் ஒரு திருப்புளி விடாமல் பொட்டு வைத்தவர் அண்ணாச்சிதான். இந்தக் கம்ப்யூட்டரின் மூடி திறந்து கிடந்ததால் உள்ளேயும் பக்தியாக வைத்திருக்கிறார். அது காய்ந்து கட்டியாகிவிட்டது.

அண்ணாச்சி அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"இது இருந்தது உனக்குத் தெரியுமா?"

"நேத்தே பார்த்தேன்."

அக்கா தெரிந்தே தன் பொருளை உடைய விட்டிருக்கிறாரே!

"சொல்லியிருக்கக் கூடாதா தாயி?"

அக்கா அலமாரியிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்து மூடியைக் கழற்றினார்.

"ஸ்கேன் சென்டர் டாக்டரோடது. இதுக்கும் கார்டு போடணும்."

அண்ணாச்சி பதறி இரண்டடி பின்னால் போனார். "என்கிட்டயா? இப்பவா? பைத்தியமா உனக்கு?"

"நேத்து சொல்லியிருந்தா சந்தனத்தைத் துடைச்சிருப்பீங்க, அவ்வளவுதான்." அக்காவின் குரல் உயரவில்லை. "எவ்வளவு அழுத்தணும்னு என்கிட்ட மூணு தரம் கேட்டீங்க அண்ணாச்சி. ஏன் போகலைன்னு ஒரு தரமாவது குனிஞ்சு அதுக்குள்ள பார்த்தீங்களா?"

அண்ணாச்சி அந்த இரண்டடியும் முன்னால் வந்தார்.

"ஏ முப்பிடாதி, பிள்ளை முழிச்சிட்டான்!" அத்தை உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். கீரைத் தட்டோடு எழுந்தேன். திரும்பிப் பார்த்தால், அண்ணாச்சி டார்ச்சோடு குனிந்தபடியே, கார்டைக் கையில்கூட எடுக்காமல், அந்தக் கம்ப்யூட்டரின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.