முள் தைத்த இடம் வீங்கி வடிவது ஏன்?

உடம்புக்குள் இருப்பவையும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் இசக்கியம்மாள் என்றொருத்தி வேலை செய்தாள். ஒருநாள் அவளுடைய வெறுங்காலில் உடைமுள் ஏறியது. முள்ளோடு கிருமிகளும் உள்ளே இறங்கின.

அப்போதெல்லாம் இரத்தத்தில் திரிந்த வெள்ளை அணுவுக்குச் சண்டை போடத் தெரியாது. அதன் வாயிலில் நின்ற காவலனுக்குக் கிருமியைத் தொட்டதுமே அடையாளம் தெரியும். ஆனால் அவனால் நின்ற இடத்தைவிட்டு நகர முடியாது. ஆயுதம் செய்யும் வித்தை நடுவிலிருந்த உட்கருவிடம் இருந்தது. வாயிலில் நடப்பது அதற்குக் கேட்காது.

அந்த அணுவுக்குள் கனலி என்றொரு நொதி இருந்தாள். பாஸ்பரஸ் துகள்களைச் சுமப்பது அவள் வேலை; மற்ற நேரம் வாயிலுக்குப் பக்கத்திலேயே தூங்குவாள்.

"கனலியக்கா, கிருமி வந்தாச்சு! உட்கருகிட்ட யாராவது சொல்லுங்க!" என்று காவலன் கத்தினான். கத்திய வேகத்தில் அவள் சுமையிலிருந்த ஒரு துகளை எடுத்து அவள் நெற்றியில் ஒட்டிவிட்டான். கனலிக்கு உடம்பெல்லாம் தீப்பற்றியதுபோல் இருந்தது.

"நான் சொல்றேன்" என்றாள்.

உட்கருவரை ஓடினாள். ஆனால் அதன் வாசல் சிறியது. அவளால் நுழைய முடியவில்லை. அவள் திரும்பிப் போகவில்லை. பக்கத்தில் தூங்கிய நொதியின் நெற்றியில் ஒரு துகளை ஒட்டினாள். அது விழித்து அடுத்ததை எழுப்பியது. கடைசியாக எழுந்த சின்னஞ்சிறு நொதி உள்ளே நுழைந்து சேதி சொல்லிற்று. ஆயுதங்கள் பிறந்தன. வெள்ளை அணுக்கள் படையாகத் திரண்டன. இசக்கியம்மாளின் பாதம் சிவந்து வீங்கியது.

மூன்றாம் நாள் கிருமிகள் ஒழிந்தன. கனலியால் மட்டும் நிறுத்த முடியவில்லை. துகள் நெற்றியிலேயே இருந்ததால் அவள் மற்ற நொதிகளை எழுப்பிக்கொண்டே இருந்தாள். எதிரி இல்லாத படை நல்ல சதையையே எரித்தது. வீக்கம் முழங்காலுக்கு ஏறியது.

துகள்களைத் துடைத்தெடுக்கும் ஆற்றி என்ற நொதியை அவள் தேடிப் போனாள்.

"என் துகளை எடுத்துடு."

"எடுத்தா நீ அசையாம கிடப்பே, அக்கா. திரும்ப யார் எழுப்புவா?"

"கிருமி வந்தா காவலன் எழுப்புவான். வரலைன்னா நான் எழ வேண்டாம். எடு!"

ஆற்றி துகளைத் துடைத்தெடுத்தான். கனலி அப்படியே சாய்ந்தாள். படை கலைந்தது.

மறுநாள் காலை இசக்கியம்மாள் காலை ஊன்றிப் பார்த்தாள். "வீக்கம் வத்திட்டு" என்று சொல்லிவிட்டு உப்பளத்துக்கு நடந்தாள்.

அந்த நாளிலிருந்துதான், முள் தைத்த இடம் முதலில் சிவந்து வீங்கிச் சுடுகிறது. வேலை முடிந்ததும் தானாகவே வடிகிறது.