ராஜாவுக்கு முன்னே நடந்த சொல்

மனிதத் தலைக்கு விலை கிடையாது என்பார்கள். முன்னொரு காலத்தில் ஓர் அரசவை விலை வைத்துவிட்டது: ஒரே ஒரு பொடிச்சொல். தலை, விகடகவி சாத்தப்பனுடையது.

துறைமுகத்தில் கப்பல் வணிகரோடு பேரம் பேசிப் பேசியே ஆங்கிலம் கற்றவன் சாத்தப்பன். வெள்ளைக்காரத் தூதன் வரப்போகிறான் என்றதும் அரசருக்கும் அதைக் கற்க ஆசை பிறந்தது.

சாத்தப்பன் பாடம் தொடங்கினான்: "அரசே, 'அரண்மனையில்' என்பதை அவர்கள் 'இன் தி பேலஸ்' என்பார்கள். 'ராஜாவுக்கு' என்றால் 'டு தி கிங்'."

அமைச்சர் அனந்தராயர் துள்ளி எழுந்தார். சாத்தப்பன் மேல் அவருக்கு நெடுநாள் புகைச்சல்.

"கேட்டீர்களா பிரபு! நம் மொழியில் 'உக்கு' தங்கள் பின்னால் கைகட்டி வருகிறது. அங்கே 'டு' என்கிற சுண்டைக்காய் தங்களுக்கு முன்னால் நடக்கிறது!"

அரசர் சீறினார். "எனக்கு முன்னாலா? சாத்தப்பா, நாளைக்குள் அதைப் பின்னால் தள்ளு. இல்லையேல் உன் தலை உருளும்!"

அனந்தராயர் சூட்டோடு சூடாக ஆணை எழுதினார்: 'சிறியது எதுவும் அரசருக்கு முன்னால் செல்லலாகாது.' முத்திரை விழுந்தது. சாத்தப்பன் அந்த ஓலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் விரதநாள். அன்று அரசர் கிரீடமின்றி, ஒற்றை வேட்டியில், கோயிலுக்கு நடந்தே போவார். கட்டியக்காரர்கள் முன்னே சென்று கூவினால்தான் வருவது ராஜா என்று ஊருக்குத் தெரியும். சாத்தப்பன் அவர்களிடம் ஓலையை நீட்டினான்.

"அண்ணன்மாரே, அரசரைவிடச் சிறிய நீங்களும் பின்னால்தான். முத்திரையைப் பாருங்கள்."

அரசர் தன்னந்தனியாகக் கடைத்தெருவில் திரும்பினார். கூடைக்காரி ஒருத்தி அவரை இடித்துத் தள்ளினாள்.

"யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா? எருமையாட்டம் நடுவுல நிக்கிறே!"

பிறந்தது முதல் அரசரை ஒருவரும் தொட்டுத் தள்ளியதில்லை. அப்போதுதான் தெருமுனையிலிருந்து குரல் வந்தது: "ராஜாதிராஜ, ராஜமார்த்தாண்ட..."

கூடை நழுவியது. கத்தரிக்காய்கள் உருண்டன. கட்டியக்காரர்களோடு சாத்தப்பனும் அனந்தராயரும் வந்து சேர்ந்தார்கள்.

"கட்டியக்காரன் ஏன் பின்னால் வருகிறான்?" அரசர் அதட்டினார்.

"ஆணைப்படி, அரசே," என்றான் சாத்தப்பன். "ஆங்கிலத்தில் 'டு', 'இன்' எல்லாம் கட்டியக்காரர்களே. பின்னே வருவது இடமா, பெறுகிறவரா என்று முன்னே அறிவிப்பவர்கள். அவர்களைப் பின்னுக்குத் தள்ளினால் இதுதான் கதி."

அரசர் அவனை வெறித்துப் பார்த்தார். பிறகு கூடைக்காரியைப் பார்த்தார். திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அனந்தராயரே, அந்தக் கத்தரிக்காயைப் பொறுக்கிக் கொடும்!"

அன்றைய கணக்கு: சாத்தப்பனுக்கு வரவு, முத்துமாலை ஒன்று. கூடைக்காரிக்கு வரவு, புதுச்சேலை. அனந்தராயர் பொறுக்கியதில் இரண்டு காய் குறைந்தது. அதை அவர் பேரிலேயே பற்று எழுதினார்கள்.