மதிலோர மல்லியைப் பூக்க வைத்தவர்

இந்தக் கதையில் ஒரு செடி வருகிறது, அதற்கு உரிமை கொண்டாட மூன்று பேர் வருகிறார்கள். யார் பக்கமும் அவசரப்பட்டுச் சாய்ந்துவிடாமல் கேளுங்கள். முடிவில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப் போகிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு தெருக்கோடி வீட்டின் பின்புறம் அமிர்தவல்லி தோட்டம் போட்டிருந்தாள். பத்தடிக்கு இருபதடி இடம்தான். ஆடியில் அவரை ஊன்றினால் கார்த்திகையில் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தும் மிஞ்சும். ஐப்பசி மழையில் முருங்கை முழுக்கக் கம்பளிப்பூச்சி ஏறும்; பந்தம் கொளுத்திக்கொண்டு அவளே இறங்குவாள். சித்திரையில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும். அப்போதும் அவள் கத்தரிச் செடி வாடியதில்லை. அவளுக்குக் கைராசி என்று தெருவே சொன்னது. அவளும் மறுத்ததில்லை.

மதிலோரம் நின்ற குண்டுமல்லி மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அரிசி களைந்த தண்ணீர், சாணம், கடலைப் பிண்ணாக்குக் கரைசல் என்று நான்கு வருடம், காலையும் மாலையும், பிள்ளைக்கு ஊட்டுவதுபோல ஊட்டினாள். இலை கரும்பச்சையாகச் செழித்தது. கிளைகள் மதிலைத் தாண்டி அடுத்த வீட்டுத் துணிக்கொடி வரை நீண்டன. மொட்டு என்று தேடினால் ஒன்றோ இரண்டோ கிடைக்கும்.

அடுத்த வீடு பிலோமினாவுடையது. மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசியே இருபது வருடம் கழித்தவர்கள் இருவரும். மார்கழியில் பிலோமினாவின் மகள் சகாயராணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஈஸ்டர் கழித்துச் சித்திரையில் திருமணம். அமிர்தவல்லி அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு, "உன் கல்யாணத்தன்னைக்கு உன் தலையில என் செடிப் பூதான்டி. கடைப்பூ வாங்குனீங்கன்னா நான் வரவே மாட்டேன்" என்றாள். பூக்காத செடியை நம்பிக் கொடுத்த வாக்கு அது. அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை.

பொங்கல் முடிந்ததும் ஓசூரில் மருமகளுக்குக் கால் முறிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அமிர்தவல்லி ஒரு மாதம் அங்கே தங்க வேண்டியதாயிற்று. கிளம்பும்போது கணவர் காசிராஜனிடம், "மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். மல்லிக்கு மட்டும் ரெண்டு வேளையும் தண்ணி ஊத்திருங்க" என்றாள். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநரான அவர், "எனக்குத் தெரியாதா? நீ போயிட்டு வா" என்று பெரிதாகச் சொன்னார்.

நான்காம் நாள், மகளின் நிச்சயதார்த்தப் புடவையைப் பிலோமினா கொடியில் உலர்த்தியிருந்தாள். காற்றில் அது மல்லிக்கிளையில் மாட்டி முழ நீளத்துக்குக் கிழிந்தது. கிளையைக் கழித்துவிடச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தவள் அவள். அன்று பொறுமை போய்விட்டது. அரிவாளை எடுத்தாள், வாசல் வழியாக உள்ளே வந்தாள், மொத்தச் செடியையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிப் போட்டுவிட்டுப் போனாள்.

டீ குடித்துவிட்டு வந்த காசிராஜன் வெறும் குச்சிகளைப் பார்த்தார். சண்டைக்குப் போகிற ஆள் அல்ல அவர். செத்த செடிக்கு எதற்குத் தண்ணீர் என்று குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். போனில் மனைவி கேட்டபோதெல்லாம், "ஜம்முனு இருக்கு" என்றார்.

மாசி பிறந்து திரும்பி வந்த அமிர்தவல்லி அந்தக் குச்சிகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள். வெட்டியது யாரென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து மதிலுக்கு அப்பால் பார்த்து, "இனி இதுல பூத்தா, ஒரு பூகூட உங்க வாசப்படி ஏறாதுக்கா!" என்று கத்தினாள். அந்தக் கோபத்திலும் 'அக்கா' போகவில்லை. அதோடு பேச்சு நின்றது.

ஒரு குச்சியை அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே பச்சை இருந்தது. அன்றே தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள், எருவும் வைத்தாள். பத்தாம் நாள் துளிர் வந்தது. பங்குனிக் கடைசியில் நுனிதோறும் மொட்டு. சாயங்காலமானால் தெருவே மணத்தது.

உடனே உரிமை கொண்டாட ஆட்கள் வந்தார்கள். "பூக்காரன்கிட்ட விசாரிச்சேன். மல்லியை வருஷா வருஷம் தையில வெட்டி, கொஞ்ச நாள் காயப் போட்டாத்தான் பூக்குமாம். காயப் போட்டது நான்தானே?" என்றார் காசிராஜன்.

மதிலுக்கு அப்பாலிருந்து, "வெட்டுனது யாராம்?" என்று பிலோமினாவின் குரல் கேட்டது.

"அப்போ நான் ஊத்துன தண்ணி தண்ணியில்லையா?" என்றாள் அமிர்தவல்லி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. பறித்த மொட்டு கூடை நிறைய இருக்க, அமிர்தவல்லி அதன் முன்னால் நாரோடு உட்கார்ந்திருந்தாள். சகாயராணி வாசலில் வந்து நின்றாள். கூடையைப் பார்க்காமலே, "சித்தி, கடையில பூ சொல்லிறட்டுமா?" என்று கேட்டாள்.

கொடுத்தால் சபதம் பொய்க்கும். கொடுக்காவிட்டால் வாக்கு பொய்க்கும். இப்போது சொல்லுங்கள்: அந்த மல்லியைப் பூக்க வைத்தவர் யார்? கூடைப் பூவை அமிர்தவல்லி என்ன செய்ய வேண்டும்?

என் தீர்ப்பு இது. பூக்க வைத்த பெருமை ஒருவருக்கும் முழுதாகச் சேராது. பிலோமினா வெட்டியது பூவுக்காக அல்ல, கிழிந்த புடவைக்காக. காசிராஜன் காயப் போட்டது சோம்பலில். போதாததற்குப் பொய்யும் சொன்னார். செத்ததென்று விடப்பட்ட செடியை நம்பியவள் அமிர்தவல்லி ஒருத்திதான். ஆனால் அளவில்லாமல் ஊட்டி நான்கு வருடம் அதைப் பூக்க விடாமல் வைத்தவளும் அவளே. பூ விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. சபதம் தாயின் மேல் வந்த கோபம், வாக்கு மகளுக்குக் கொடுத்தது. அந்தப் பெண் எந்தக் கிளையையும் வெட்டவில்லை. சபதம் உடைந்தால் உடையட்டும், பூ அவள் தலைக்குத்தான் போக வேண்டும். அது சுலபம். அடுத்த தை மாதம் மதிலருகே போய், "அக்கா, அரிவாள எடுத்துக்கிட்டு வாங்க" என்று அமிர்தவல்லியே கூப்பிட வேண்டும். அதுதான் அவளுக்குக் கஷ்டம்.